டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் கார் நிற்பது ஏன்? ஸ்ப்ரெட்ஷீட்டில் விடை தேடுவோம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாகிவிட்டது, படம் பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன என்று கேட்கும் புதிய வாசகர்களுக்காக இந்தப் பாடம். ஸ்ப்ரெட்ஷீட் என்றால் அலுவலகக் கணக்கு, சம்பளப் பட்டியல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் நிற்கும் பழைய காரின் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்கவும் அது உதவும். எப்படி என்று பார்ப்போம்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பாவிடம் கார்பரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. சேலம் போய்விட்டுத் திரும்பும்போது சில நாள்களில் மலைப்பாதையின் நடுவில் கார் திணறி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து பஸ் இறங்கும் நேரத்தில், பனிமூட்டத்தில் கார் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பதற்கென்றே பெரியம்மா தன் கால்மாட்டில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு வருவார்.

கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். தொல்லை போகவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிடுகிறதோ என்ற பயத்தில் பெரியப்பா ஒவ்வொரு முறையும் சேலத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டே மலை ஏற ஆரம்பித்தார். அதன் பிறகு கார் முன்பைவிட அடிக்கடி நின்றது.

பேத்திக்காக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. "இதுல எழுதி வைக்கலாம் பெரியப்பா" என்றேன். "ஏங்கண்ணு, கம்ப்யூட்டர் காரை ரிப்பேர் பண்ணுமா?" என்று சிரித்தார். பண்ணாது. கார் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆனால் நாம் பார்த்ததை எல்லாம் மறக்காமல் வைத்திருந்து, நாம் கேட்கும் விதத்தில் பிரித்து அடுக்கிக் காட்டும். நமக்கு வேண்டியது அதுதான்.

டேங்க் மூச்சு விட வேண்டும்

முதலில் காரைப் புரிந்துகொள்வோம். மூடி போட்ட டப்பாவில் ஒரே ஒரு துளை போட்டு எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் திக்கித் திக்கி விழும். எதிர்ப்புறம் இன்னொரு துளை போட்டால் சீராக விழும். எண்ணெய் வெளியே வரும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். பெட்ரோல் டேங்குக்கும் இதே விதிதான்.

பழைய கார்களில் காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் பெட்ரோல் மூடியிலேயே இருக்கும். மூடியின் உட்புறம் ஒரு சிறு துளை அல்லது ஸ்பிரிங் வைத்த சிறு வால்வு இருக்கும். சில கார்களில் டேங்கின் மேலிருந்து ஒரு மெல்லிய டியூப் தனியாக வெளியே வரும். பிந்தைய மாடல்களில் இந்த டியூப் கரித்துண்டுகள் அடைத்த ஒரு டப்பாவுக்குப் போகும். பெட்ரோல் ஆவி அங்கே தங்கியிருந்து, பிறகு என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும்.

நிரப்பும் வழி வேறு. மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் பெரிய குழாயோடு ஒட்டி, பல கார்களில் விரல் பருமனில் இன்னொரு டியூப் இருக்கும். பெட்ரோல் உள்ளே போகும்போது டேங்கில் உள்ள காற்று இந்த டியூப் வழியாக மேலே வரும். இது மடங்கிவிட்டாலோ அடைபட்டாலோ காற்று வர வழியின்றிப் பெட்ரோல் குழாயிலேயே பொங்கும். பங்க்கில் உள்ள நாசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோலோ நுரையோ அந்தத் துளையை மூடியதும் நாசில் தானாக 'டக்' என்று நின்றுவிடும். டேங்க் நிரம்பியதாக நாமும் நம்பிவிடுவோம்.

ஆக இரண்டு வழிகள். ஒன்று, ஓடும்போது காற்று போகும் வழி. மற்றொன்று, நிரப்பும்போது காற்று வரும் வழி. இரண்டிலும் கோளாறு வரலாம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மலை ஏறும்போது என்ன நடக்கிறது?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒண்டிக்கடை வருவதற்குள் பலூன்போல உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே குடித்துவிட்டு மூடிய காலித் தண்ணீர் பாட்டில், சேலம் வந்ததும் நசுங்கியிருக்கும். வெளிக் காற்றின் அழுத்தம் மாறுவதே காரணம்.

எவ்வளவு மாறுகிறது? இதுவே நம் முதல் பயிற்சி. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைத் திறக்கவும். மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தாலும் சரி. கட்டம் கட்டமாகத் தெரிவதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்று பெயர் உள்ளவை நெட்டு வரிசைகள். இடப்பக்கம் 1, 2, 3 என்று எண் உள்ளவை படுக்கை வரிசைகள்.

1. ஏ2 செல்லில் 280 என்றும், ஏ3 செல்லில் 1515 என்றும் டைப் செய்து எண்டர் தட்டவும்.

2. பி2 செல்லைக் கிளிக் செய்யவும். அதில் =1013.25*(1-0.0000225577* என்று டைப் செய்யவும். இப்போது எண்டர் தட்டாமல் ஏ2 செல்லை மவுஸால் கிளிக் செய்யவும். செல்லின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

3. தொடர்ந்து )^5.25588 என்று டைப் செய்து எண்டர் தட்டவும்.

4. மறுபடி பி2 செல்லைக் கிளிக் செய்யவும். அதன் வலது கீழ் மூலையில் சிறு சதுரப் புள்ளி தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே பி3 வரை இழுத்து விடவும்.

980, 844 என்று விடை வரும். தசம எண்கள் நீளமாக வந்தால் கண்ட்ரோல் கீயுடன் 1 தட்டி, எத்தனை தசம இடம் வேண்டும் என்று குறைத்துக்கொள்ளலாம். இது காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கல் அளவில். மேலே போகும்போது 136 குறைகிறது. அதாவது ஏறத்தாழ 14 சதவீதம். உள்ளங்கை அளவில், 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் உள்ள தகடு ஒன்றின் மேல் இந்த வித்தியாசம் மட்டும் சுமார் 14 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம்.

இனி டேங்கைப் பார்ப்போம். மூச்சு வழி அடைத்துக்கொண்ட டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க நிரப்பிய டேங்கில் காற்றுக்கு 2 லிட்டர் இடம்தான் மிச்சம் இருக்கிறது. மலை ஏறி முடிப்பதற்குள் 3 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது. 2 லிட்டர் இடத்தில் இருந்த காற்று இப்போது 5 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். 2-ஐ 5-ஆல் வகுத்தால் 0.40.

அதே டேங்க் பாதிதான் நிரம்பியிருக்கிறது, காற்றுக்கு 14 லிட்டர் இடம் இருக்கிறது என்றால்? 14 லிட்டர் காற்று 17 லிட்டர் இடத்தில் பரவும். 14-ஐ 17-ஆல் வகுத்தால் 0.82.

பெட்ரோல் ஆவி இந்தக் குறையை ஓரளவு நிரப்பிவிடும் என்பதால் இவை சரியான அழுத்த அளவுகள் அல்ல. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நிரம்பிய டேங்கில்தான் உள்ளே வெற்றிடம் வேகமாக உருவாகிறது. பம்ப் இழுக்கப் பார்க்கும், டேங்க் விடாது. டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும், என்ஜினுக்கு மட்டும் பெட்ரோல் கிடைக்காது. பாதி டேங்கில் வெளிக் காற்றும் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருவதால் தொல்லை தெரியாமலே போய்விடும். பெரியப்பா டேங்கை நிரப்ப நிரப்பக் கார் அதிகம் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்று ஊகித்தால் போதாது. எழுதிப் பார்க்க வேண்டும்.

முதல் ஷீட்: பெட்ரோல் கணக்கு

புதிய பைல் ஒன்றைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் இந்தத் தலைப்புகளைக் கொடுக்கவும்: ஏ1-ல் தேதி, பி1-ல் மீட்டர், சி1-ல் லிட்டர், டி1-ல் தூரம், இ1-ல் மைலேஜ், எஃப்1-ல் குறிப்பு. தமிழில் டைப் செய்ய விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளவும். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் தட்டி மொழியை மாற்றிக்கொள்ளலாம். கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயைத் தட்டினால் இன்றைய தேதி தானாக விழும்.

முதன்முறை டேங்கை நிரப்பும்போது தேதியும் மீட்டரும் மட்டும் எழுதுங்கள். லிட்டர் வேண்டாம். அதில் பழைய பெட்ரோலும் கலந்திருக்கும். இரண்டாம் முறையிலிருந்து லிட்டரையும் எழுதுங்கள். டி3 செல்லில் சமக்குறி தட்டி, பி3 செல்லைக் கிளிக் செய்து, கழித்தல் குறி தட்டி, பி2 செல்லைக் கிளிக் செய்து எண்டர் தட்டவும். தூரம் வந்துவிடும். இ3 செல்லில் சமக்குறி தட்டி, டி3-ஐக் கிளிக் செய்து, வகுத்தல் குறியாகிய சாய்கோடு தட்டி, சி3-ஐக் கிளிக் செய்து எண்டர் தட்டவும். மைலேஜ் வந்துவிடும். இரண்டு செல்களையும் மூலைப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் அடுத்தடுத்த வரிசைகளுக்கும் கணக்கு தயார்.

பழகுவதற்காக இந்த மாதிரி எண்களை இட்டுப் பாருங்கள்:

மீட்டர் 48210: முதல் நிரப்பல்
மீட்டர் 48520: 15 லிட்டர்
மீட்டர் 48800: 23 லிட்டர்
மீட்டர் 49095: 15 லிட்டர்
மீட்டர் 49405: 24 லிட்டர்

மைலேஜ் 20.7, 12.2, 19.7, 12.9 என்று வரும். ஒரு முறை மிக நன்று, அடுத்த முறை மிக மோசம். இதைப் பார்த்ததும் என்ஜின் போய்விட்டது என்றோ, பங்க்கில் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்றோ முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். தூர வரிசைக்குக் கீழே ஆட்டோசம் பொத்தானை அழுத்தி மொத்தத் தூரம் எடுங்கள்: 1195. லிட்டருக்கும் அதுபோலவே: 77. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுத்தால் 15.5. பழைய காருக்கு இது கௌரவமான அளவுதான்.

அப்படியானால் இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வந்தது? நாசில் சில முறை சீக்கிரமே நின்றுவிட்டதால் டேங்க் உண்மையில் நிரம்பவில்லை. அந்த முறை மைலேஜ் அதிகமாகத் தெரிகிறது. அந்தக் குறை அடுத்த முறை சேர்ந்து வருகிறது. மைலேஜ் ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கி, மொத்தச் சராசரி மட்டும் சரியாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நிரப்பும் வழியில் உள்ள காற்று டியூபை. குறிப்பு வரிசையில் 'நாசில் 3 முறை நின்றது' என்று எழுதி வைத்திருந்தால் இன்னும் உறுதி.

இங்கே ஒரு பொதுவான தவறைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மைலேஜ் எண்களையும் கூட்டி நான்கால் வகுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் 16.4 என்று தவறான விடை வரும். மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே சரி.

இரண்டாம் ஷீட்: பயணக் குறிப்பு

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் புதிய ஷீட் வரும். இதில் இந்தத் தலைப்புகள்: தேதி, திசை, டேங்க், வெயில், தொல்லை, இடம், மூச்சு, கிளம்பியதா, வாசனை.

திசையில் ஏற்றம், இறக்கம், சமதளம். டேங்கில் முழு, பாதி, கால். வெயிலில் வெயில், மழை, பனி. தொல்லையில் உண்டு, இல்லை. இடத்தில் எத்தனையாவது வளைவு அல்லது '60 அடி பாலம் அருகே' என்பதுபோல. மூச்சு என்பது மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே போன சத்தமா, வெளியே வந்த சத்தமா, ஒன்றுமில்லையா என்பது. கிளம்பியதா என்பதில் மூடியைத் திறந்தவுடன் கார் கிளம்பியதா, ஆறிய பிறகு கிளம்பியதா என்று எழுதவும். வாசனையில் இல்லை, இடது வளைவு, வலது வளைவு, எப்போதும்.

கார் ஒழுங்காக ஓடிய நாளையும் கட்டாயம் எழுதுங்கள். தொல்லை வந்த நாளை மட்டும் எழுதினால் எதனோடு ஒப்பிடுவது? நாம் மனத்தில் வைத்துக்கொள்வது தொல்லை வந்த நாளை மட்டும்தான். அதனால்தான் நினைவை நம்பி மெக்கானிக்கிடம் சொல்லும் விவரம் பாதி தவறாகிப்போகிறது.

ஒரு நாள் 'உள்ளே' என்றும் மறுநாள் 'உள்ள' என்றும் எழுதினால் கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு வேறு சொற்களாக எடுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க, அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் வேலிடிட்டியைக் கிளிக் செய்யவும். எக்ஸெலில் இதன் பெயர் டேட்டா வேலிடேஷன். அனுமதிக்கும் வகையில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் சொற்களை இட்டு ஓகே கொடுக்கவும். எக்ஸெலில் சொற்களுக்கு நடுவே காற்புள்ளி இட வேண்டும். கால்க்கில் ஒவ்வொரு சொல்லும் தனி வரியில். இனிமேல் செல்லைக் கிளிக் செய்தால் பட்டியல் விரியும், தேர்ந்தெடுத்தால் போதும்.

கண்ட்ரோல் கீயுடன் எஸ் தட்டி பைலை சேவ் செய்ய மறக்காதீர்கள். மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஃபில்டர் என்னும் சல்லடை

குறைந்தது பத்துப் பயணமாவது எழுதிய பிறகு, தலைப்பு வரிசையில் ஒரு செல்லைக் கிளிக் செய்து டேட்டா மெனுவில் ஆட்டோஃபில்டர் கொடுக்கவும். எக்ஸெலில் ஃபில்டர். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறு அம்புக்குறி தோன்றும். தொல்லை தலைப்பின் அம்பைக் கிளிக் செய்து 'உண்டு' என்பதை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். தொல்லை வந்த பயணங்கள் மட்டும் தெரியும். மற்றவை அழியவில்லை, மறைந்திருக்கின்றன. இப்போது மேலிருந்து கீழாக ஒவ்வொரு நெட்டு வரிசையாகப் படியுங்கள். எல்லா வரிசைகளிலும் ஒரே சொல் வருகிறதா? அடுத்து 'இல்லை' என்பதை டிக் செய்து அதே போலப் படியுங்கள். தொல்லை வந்தபோதெல்லாம் இருந்து, வராதபோது இல்லாதது எது? அங்கேதான் தேட வேண்டும்.

எதைக் கண்டால் என்ன பொருள்?

* டேங்க் முழு, ஏற்றம், மூச்சு உள்ளே, மூடியைத் திறந்தவுடன் கிளம்பியது: மூச்சு வழி அடைப்பு. மூடியின் துளை அல்லது வால்வு, வென்ட் டியூப் இவற்றைப் பார்க்க வேண்டும். சில கார்களில் லேசான 'உஸ்' சத்தம் இயல்பே. கார் நின்றதோடு சேர்ந்து வந்தால்தான் கவலை.

* வெயில், ஊர்ந்து செல்லும் நெரிசல், மூடியைத் திறந்தும் பயனில்லை, ஆறிய பிறகு கிளம்பியது: என்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும் வேப்பர் லாக். மே மாதக் கோடை விழா நெரிசலில் பழைய கார்கள் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

* டேங்க் எந்த அளவாக இருந்தாலும் ஏற்றத்தில் திணறல், சமதளத்தில் சரி: பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் பலவீனம்.

* மேலே போகப் போகச் சீராக இழுவை குறைகிறது, ஆனால் நிற்கவில்லை: காற்று மெலிவதால் கார்பரேட்டர் கார்களுக்கு இது இயல்பு.

* நாசில் அடிக்கடி நிற்கிறது, மைலேஜ் ஏறி இறங்குகிறது: நிரப்பும் வழியின் காற்று டியூப்.

* நிரப்பிய பிறகு மட்டும், வளைவில் மட்டும் வாசனை: மூடியின் ரப்பர் வாஷர், நிரப்பும் குழாயின் ரப்பர், டேங்கின் மேல் இணைப்பு. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது வெடிப்பு வரை ஏறிவிடும்.

* எப்போதும் வாசனை, நின்ற இடத்தில் ஈரம்: கசிவு. இதற்குக் குறிப்பெழுதிக்கொண்டிருக்க வேண்டாம். காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பெரியப்பா காரில் கண்டது

மூன்று மாதத்தில் 11 முறை மலை ஏறினார். பேத்திதான் டைப் செய்தாள். நான்கு முறை கார் நின்றது. நான்கிலும் டேங்க் முழு. நான்கிலும் பத்தாவது வளைவுக்கு மேலே. நான்கிலும் மூச்சு உள்ளே. பாதி டேங்கோடு ஏறிய நாள்களில் ஒரு முறைகூட நிற்கவில்லை. கால் டேங்கோடு வந்து வெயிலில் நிறுத்தித் திறந்த ஒரு நாள் காற்று வெளியே 'புஸ்' என்று வந்தது. வெளியே வந்தாலும் உள்ளே போனாலும் அர்த்தம் ஒன்றுதான். டேங்கால் மூச்சு விட முடியவில்லை.

வாசனையும் இருந்தது. அதுவும் அதே கோளாறு என்றுதான் நினைத்திருந்தோம். ஃபில்டர் வேறு சொன்னது. வாசனை வந்த நாள்களில் எல்லாம் 'இடது வளைவு'. இறக்கத்திலும் வந்திருக்கிறது, கார் நிற்காத நாளிலும் வந்திருக்கிறது. ஆக இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

ஒரு பக்கத்தில் பிரிண்ட் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தோம். அவர் முதலில் மூடியைத்தான் கையில் எடுத்தார். பழைய மூடி தொலைந்து புது மூடி வாங்கியது நினைவுக்கு வந்தது. பார்க்க அதேபோல இருந்தது, திருகவும் சரியாக உட்கார்ந்தது, ஆனால் காற்றுத் துளை இல்லாத மூடி. நிரப்பும் குழாயின் ரப்பரில் மடிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பும் இருந்தது. சரியான மூடி, புதிய ரப்பர் குழாய், இரண்டு கிளாம்ப். வேலை முடிந்தது. மாற்றிய பம்புக்கான பணம் போனது போனதுதான். கருங்கல் இன்னும் காரில் இருக்கிறது. மலைப்பாதையில் அது இருக்கட்டும் என்கிறார் பெரியம்மா.

மூடி மட்டும்தான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வென்ட் டியூபில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அடிப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்தபோது துளை மூடியிருக்கலாம். டேங்கைக் கழற்றி மாட்டியபோது டியூப் மடங்கியிருக்கலாம். 2025-ல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அதற்கு முன் செய்த பழைய ரப்பர் குழாய்கள் சில எத்தனாலைத் தாங்குவதில்லை. உப்பியோ வெடித்தோ போகலாம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் குழாய்களைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை: இவற்றை மறக்க வேண்டாம்

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிரில்கூடத் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். மூடிய ஷெட்டில் மூடியைத் திறந்து சோதிக்காதீர்கள். தீக்குச்சி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் அருகில் கூடாது.

மூடியைத் திறக்கும் முன் என்ஜினை நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருகுங்கள். அழுத்தம் இருந்தால் பெட்ரோல் முகத்தில் தெறிக்கும். மலைப்பாதையில் நின்றால் முதலில் ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், ஹசார்ட் விளக்கு. அதன் பிறகுதான் மூடி. மூடியை நாமே துளையிடுவது, மூடி தொலைந்தால் துணியைச் சுருட்டி அடைப்பது, டியூபுக்குள் காற்றடிப்பது மூன்றும் ஆபத்து.

நாசில் முதல் முறை நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். பெட்ரோல் சூட்டில் விரியும். 30 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் கூடுகிறது. அதற்கு இடம் வேண்டும். சீக்கிரமே நின்றுவிடும் காரில் பெட்ரோலைத் திணித்து நிரப்புவது தீர்வல்ல, டியூபைச் சரிசெய்வதே தீர்வு. குறிப்பெழுதுவதும் பங்க்கில் நின்றுகொண்டு வேண்டாம். வெளியே வந்து நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

பிரிண்ட் எடுப்பது எப்படி?

தொல்லை வரிசையில் 'உண்டு' ஃபில்டரை வைத்துக்கொண்டே கண்ட்ரோல் கீயுடன் பி தட்டவும். தாளைப் படுக்கை வாட்டமாக, லேண்ட்ஸ்கேப் என்று தேர்ந்தெடுத்தால் எல்லா நெட்டு வரிசைகளும் ஒரே பக்கத்தில் அடங்கும். பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் இன்னொரு தாளில் எடுங்கள். ஒழுங்காக ஓடிய நாள்களும் மெக்கானிக்குத் தெரிய வேண்டும்.

செய்து பாருங்கள்

உங்களிடம் கார் இல்லையா? பரவாயில்லை. அடிக்கடி நிற்கும் மோட்டார், சில நாள் மட்டும் குறையும் தண்ணீர், காரணம் தெரியாமல் ஏறும் மின்கட்டணம் என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு தலைப்புகள், மாறாத சொற்கள், தொல்லை இல்லாத நாளும் சேர்த்துப் பத்து வரிசைகள். பிறகு ஃபில்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, மாற்றிய தேதியையும் எழுதுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது.